நான் மறைத்த இரண்டு மணி நேரம்

அப்போது தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் ஸ்கேன் டெக்னீஷியன். மூளையில் ரத்தம் கட்டிப் பக்கவாதம் வந்தவர்களுக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசி போடும்போதே நெற்றிப்பொட்டில், ரத்தம் ஓடுவதைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்து ஒலி அலையைச் செலுத்தினால் சீக்கிரம் கரையும் என்று எங்கள் டாக்டர் எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார். படித்தது அவர். இரண்டு மணி நேரம் கை அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பது நான். தோள் விட்டுப்போகும். ஊரப்பாக்கம் வீட்டுக்குப் போய் தெருவுக்கே கேட்கிற மாதிரி புலம்புவேன்.

அன்று காலை பத்து மணிக்கு ஒரு வேன் டிரைவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதுகூட இருக்காது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு இல்லை.

"எத்தனை மணிக்கு ஆச்சு? மூணு மணி நேரத்துக்குள்ளன்னாதான் ஊசி. அதுக்கு மேல போட முடியாது" என்றார் டாக்டர்.

"ஒம்போது மணிக்கு சார்" என்றாள் டிரைவரின் மனைவி.

முதல் ஸ்கேன் முடிந்து டாக்டர் மருந்தைக் கலக்கப் போனார். நான் இடது நெற்றிப்பொட்டில் ஜெல் தடவிக் கருவியை வைத்தேன். ரத்தம் ஓடுகிற சத்தமே இல்லை, ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். அப்போதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். முழங்கை வரை காய்ந்த ரத்தம், அதில் ஒட்டிக்கொண்டு ஒரு சாம்பல் நிற இறகு. காயம் எதுவும் இல்லை. பக்கவாதத்துக்குப் புறா ரத்தத்தைச் சூடாகத் தடவுவார்கள் என்பது எனக்கும் தெரியும். எங்கள் தெருவிலேயே செய்திருக்கிறார்கள்.

"புறாவுக்கு எங்க போனீங்க?" என்று கேட்டேன்.

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டராண்ட சொல்லிடாதக்கா. ஏழு மணிக்கே வாய் கோணிக்கிச்சு. புறா தேடிக்கினு அலைஞ்சதுல லேட்டாயிடுச்சு. சொன்னா ஊசி போட மாட்டாரு. ரெண்டு பொண்ணுங்கள வச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?"

நேரம் தாண்டிப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். டாக்டர் மருந்தோடு உள்ளே வந்தார். வாயாடி என்று பெயர் வாங்கிய நான் வாயைத் திறக்கவில்லை. பாவம் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது மட்டுமில்லை, அந்தச் சத்தம் திரும்புவதைக் கேட்கவும் ஆசைப்பட்டேன்.

நாற்பது நிமிடத்தில் கேட்டது. முதலில் மெல்ல, பிறகு விஷ், விஷ் என்று நாடியோடு சேர்ந்து. அவருடைய வலது கை விரல்கள் அசைந்தன. அவள் அழுதுகொண்டே என் காலைத் தொட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்னும் ஒரு மணி நேரத்தில் அவர் வாந்தி எடுத்தார், கண்கள் மேலே செருகின. மறுபடி எடுத்த ஸ்கேனில் மூளைக்குள் ரத்தம் பரவியிருந்தது. மறுநாள் மதியம் போய்விட்டார்.

"நேரத்துக்குள்ள போட்டாலும் சில பேருக்கு இப்படி ஆகும்" என்று டாக்டர் தன்னையே தேற்றிக்கொண்டார். அப்போதும் நான் சொல்லவில்லை. அதன் பிறகு யாருக்குக் கருவியை வைத்தாலும், சத்தம் நல்லபடியாகக் கேட்க ஆரம்பித்ததும் கண்கள் மேலே செருகுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து தாம்பரம் ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். நான் கூட்டத்துக்குள் நழுவுவதற்குள் இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

"இந்த அக்கா மட்டும் அன்னிக்கு வாயத் தொறந்திருந்தா உங்கப்பாவுக்கு அந்த ஊசியே கெடைச்சிருக்காது" என்றாள் அவர்களிடம். "கும்பிட்டுக்கோங்க."

இருவரும் கை கூப்பினார்கள். நான் தடுக்கவில்லை.