ஒன்பது மணி நேர விளக்கு

செம்புச் சுரங்கத்தின் சர்வே பிரிவில் சேர்ந்த முதல் நாள், தலைவிளக்கின் பேட்டரியை இடுப்பில் தலைகீழாகக் கட்டிக்கொண்டு நின்றேன். வீட்டிலேயே முதல் பட்டதாரி என்ற மிதப்பு. விளக்கு கொடுக்கும் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "படிச்ச பிள்ளையா தம்பி? பார்த்தாலே தெரியுது. திருப்பிக் கட்டு." அவர்தான் லாம்ப் ரூம் அக்கா. இனி நான் சொல்லப்போவது, நான் சேர்வதற்கு ஆறு வருஷம் முன்பு நடந்தது. அக்காவும், துளை போடும் ஆட்களின் மேஸ்திரியும் மாறி மாறிச் சொல்லிச் சிரித்து முடிக்க மூன்று நாள் சாப்பாட்டு வேளை ஆனது.

இருநூற்று நாற்பது விளக்குகளைச் சார்ஜில் போடுவதும், கண்ணாடி துடைப்பதும், ஷிப்டுக்கு எடுத்துக் கொடுப்பதும் அக்காவின் வேலை. பாறையில் துளை போடும் அவர் கணவரின் விளக்கு எண் நூற்றுப் பன்னிரண்டு. அதை மட்டும் இரண்டு முறை துடைப்பார்.

"எங்க கண்ணாடி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று வரிசையில் நிற்பவர்கள் கேட்பார்கள்.

"நீங்க யாரும் என் வீட்டுக்குத் தண்ணி தூக்கிட்டு வர்றதில்லையே!"

சுரங்கம் அரசாங்கத்திடம் இருந்தபோது மூன்று தளங்கள்தான். கூண்டு லிப்டில் இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் வேலை செய்யும் பாறை. தாது கீழே கீழே போக, சுரங்கமும் அதைத் துரத்திக்கொண்டு ஏழாம் தளம் வரை போனது. அங்கே கூண்டிலிருந்து பாறைக்கு ஐம்பது நிமிஷ நடை. அந்தச் சமயத்தில்தான் சுரங்கம் ஒரு தனியார் கம்பெனிக்குக் கைமாறியது. கேட்டுக்குப் புது பெயின்ட், ஆளுக்கொரு புதுத் தொப்பி. எல்லோருக்கும் சந்தோஷம்தான். பின்னாலேயே ஒரு சுற்றறிக்கை வந்தது: எட்டு மணி நேர ஷிப்ட், பாறை முன்னால் போய் நின்ற பிறகுதான் ஆரம்பம். நடை கணக்கில் வராது.

"அப்ப நான் நடக்கலை. பாறையை இங்க வரச் சொல்லு" என்றார் அக்காவின் கணவர்.

வெளியில் இப்படிச் சிரித்தாலும் வீட்டில் சிரிக்க முடியவில்லை. ஏழு வயது மகளுக்கு சைக்கிள் வாங்கியாகிவிட்டது. பின்னால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியவரோ இருட்டிய பிறகு வந்து, சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே தூங்கி விழுந்தார். ஒரு நாள் மகள் சொன்னாள்: "அம்மா, ஓட்டாமலேயே சைக்கிளுக்கு வயசாகுது."

அது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

போக வர நடையையும் சேர்த்தால் ஆட்கள் கீழே இருப்பது பத்து மணி நேரத்துக்குக் கிட்ட; அந்த விளக்குகள் ஒன்பது மணி நேரம்தான் எரியும். ஆட்கள் சாப்பிடும்போது அணைத்து வைத்து, திரும்பி வரும்போது இரண்டு பேருக்கு ஒரு விளக்காக எரித்துச் சமாளித்தார்கள். மங்கி வரும் விளக்குகளைப் பார்த்து அக்கா ஆபீசுக்கு இரண்டு முறை எழுதினார். 'ஷிப்ட் எட்டு மணி நேரம், விளக்கு ஒன்பது. ஒரு மணி நேரம் உபரி' என்று பதில் வந்தது.

சங்கமும் விடவில்லை. கடைசியில் புது மேனேஜர், "நானே ஒரு முழு ஷிப்ட் இருந்து பார்க்கிறேன்" என்று கிளம்பினார். கெட்ட மனுஷர் இல்லை. சுரங்கத்தை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர். காலை எட்டு மணிக்கு ஜன்னலில் வந்து நின்றார்.

"சார், இது ஒன்பது மணி நேரம்தான் வரும்" என்றார் அக்கா.

"ஷிப்டே எட்டு மணி நேரம்தானேம்மா. தாராளம்!"

மனுஷர் சொன்ன சொல் தவறவில்லை. பாறை முன்னால் எட்டு மணி நேரம் முழுசாக நின்றார். அணைத்து வைக்கும் வித்தை மட்டும் அவருக்குத் தெரியாது; சாப்பிடும்போதும் விளக்கு ஜெகஜோதியாக எரிந்தது. திரும்பும் வழியில், பத்து நிமிஷம் நடப்பதற்குள், பொசுக்கென்று அணைந்தது. முன்னால் போன மேஸ்திரியிடம் மிச்சம் பிடித்த வெளிச்சம் இருந்தது. மேனேஜர் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே கூண்டு வரை வந்தார். மேலே வந்து கதவு திறந்த பிறகும் பிடி தளரவில்லை.

"சார், வெளிச்சம் வந்தாச்சு. விட்டுடலாம்" என்றார் மேஸ்திரி. "கட்டிக்கிட்டவகூட என்னை இவ்வளவு கெட்டியா பிடிச்சதில்லை."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. மேனேஜர் ஜன்னலில் விளக்கை வைத்தார். "இது ரிப்பேராம்மா?"

"இல்ல சார், நல்லா இருக்கு. ஒன்பது மணி நேரம் எரிஞ்சிருக்கு. நீங்க எட்டு மணி நேரம்தானே வேலை பார்த்தீங்க? உபரி ஒரு மணி நேரம் எங்க போச்சுன்னுதான் தெரியலை."

மேனேஜர் விளக்கைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் வரிசை மொத்தமும் வெடித்துச் சிரித்தது.

அடுத்த வாரம் புது சுற்றறிக்கை வந்தது: ஜன்னலில் விளக்கை வாங்கும்போது ஷிப்ட் ஆரம்பம், திருப்பிக் கொடுக்கும்போது முடிவு. அக்காவின் தலைக்கு மேல் பெரிய கடிகாரம் ஒன்றும் மாட்டினார்கள். முதல் நாள் நாலு மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு திரும்பி வந்தது. அக்கா வேலை முடித்து வீட்டுக்குப் போனபோது தெருவில் நல்ல வெயில். மகள் சைக்கிளில், பின்னால் கணவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சைக்கிள்தான் நகர்ந்தபாடில்லை.

"என்னங்க, மேனேஜர் மேஸ்திரி சட்டையைப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்கீங்க. விடுங்க, அவ போகட்டும்!"

விட்டார். அவள் போனாள். விழுந்தது அப்பாதான்.

இன்று அக்காதான் லாம்ப் ரூம் பொறுப்பாளர். பதினாறு மணி நேரம் எரியும் விளக்குகள் வந்துவிட்டன. ஷிப்ட் இன்னும் அந்தக் கடிகாரப்படிதான். மகள் அதே தெருவில் பெரிய சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். நூற்றுப் பன்னிரண்டை அக்கா இன்னும் இரண்டு முறை துடைக்கிறார்.