பிரஷர் மாத்திரைக்குப் பதில் டார்க் சாக்லேட்

முப்பது வருடமாக மருந்துக் கடைக் கவுன்டரில் நின்றவள் நான். பிள்ளையார்பாளையத்துக் கடையில் பார்மசிஸ்டாகச் சேர்ந்த முதல் நாளே எரிச்சல் வந்தது. கவுன்டர் மேல் டார்க் சாக்லேட்டை அடுக்கி, 'பிரஷரைக் குறைக்கும், இதயத்துக்கு நல்லது' என்று முதலாளி பலகை வைத்திருந்தார்.

கோகோவில் ரத்தக்குழாயைத் தளர்த்தும் சத்து இருப்பது உண்மைதான். கோகோ அதிகமாகவும் சர்க்கரை குறைவாகவும் உள்ளதைத் தின்றால் சிலருக்குப் பிரஷர் கொஞ்சம் இறங்கலாம். மாத்திரை செய்யும் வேலையை அது செய்யாது. 'கொஞ்சம்' என்பதையும் பலகையில் சேர்க்கச் சொன்னேன்.

"கொஞ்சம்னு போட்டா எவன் மேடம் வாங்குவான்?" என்றார்.

அந்த வாரமே கஸ்தூரி வந்தார். தறி நெய்பவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். சாக்லேட் கேட்டவர், காலையிலிருந்து பின்மண்டை வலிக்கிறது, இழை இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தேன். மேல் அளவு இருநூறைத் தாண்டி நின்றது. மாத்திரையை விட்டு இரண்டு மாதமாம். அதற்குப் பதிலாகத்தான் சாக்லேட்டாம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். இன்னும் தாமதித்திருந்தால் பக்கவாதமே வந்திருக்கலாம் என்று சொல்லி வார்டில் சேர்த்துக்கொண்டார் டாக்டர்.

திரும்பி வந்து முதலாளியிடம் கத்தினேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லி நானா சொன்னேன் என்று அவர் எகிறினார். பலகையைக் கழற்றினால்தான் நாளைக்கு வருவேன் என்றேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கழற்றினார்.

ஆனால் நிஜமான கோபம் மறுநாள் வார்டில்தான் வந்தது. மாத்திரையை ஏன் விட்டீர்கள் என்று கஸ்தூரியிடம் கேட்டேன்.

"அது தண்ணி மாத்திரைம்மா. போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. தறிக்குழியில கால உட்டு குந்திக்கினு இருக்கறவ, ஒவ்வொரு தபாவும் எந்திரிச்சிப் போவணும். நாலு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸு. அங்க போயி ஆம்பளைங்களோட வரிசையில நிக்கணும். சாக்லேட்டு தின்னா அந்தத் தொல்லை இல்ல."

டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை எழுதித் தருவாரே என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "மாத்தித் தருவாங்கன்னு எனக்கு யாரும்மா சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தவரும் சொல்லவில்லை, மாதாமாதம் எடுத்துக் கொடுத்த கடையும் சொல்லவில்லை. சாக்லேட்டின் பெருமையைச் சொல்வதற்கு மட்டும் பலகை வைத்தோம். நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

நான் விவரம் சொன்னதும் டாக்டர் அன்றே மாத்திரையை மாற்றினார். அவ்வளவு சுலபமான வேலை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, மாத்திரையை நிறுத்தியவரை எடுத்த எடுப்பில் திட்டாதீர்கள். அதைப் போட்டால் என்ன கஷ்டம் என்று முதலில் கேளுங்கள். ஒன்றுக்குப் போக நிம்மதியாக ஓர் இடம் இல்லாததால் இந்த ஊரில் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது.