இரண்டு நாள் எழுதாவிட்டால்

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே இருக்கும் வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக் கொடுப்பது என் வேலை. காலையில் ஜனங்கள் பைக்கை நிறுத்திவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். சாயங்காலம் வந்து எடுத்துப் போவார்கள். எனக்குக் காலை ஷிப்ட். போனதும் வரிசை வரிசையாக நடந்து, நேற்றைய வண்டி ஏதாவது எடுக்கப்படாமல் நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. வெளியூர் போயிருப்பார் என்று முதல் நாள் சமாதானம் சொல்லிக்கொள்வேன். இரண்டாம் நாளும் நின்றால் காண்ட்ராக்டரிடம் போய்ச் சொல்லிவிடுவேன்.

"உனக்கு வேற வேலையே இல்லியாய்யா? எவனோ பொண்டாட்டிய கூட்டிகினு ஊட்டிக்குப் போயிருப்பான். நீ இங்க அழுதுகினு கீற" என்பார்.

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் சீட்டின் மேல் தூசி படிவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

இந்தக் கவலை ஒருநாள் என் பக்கமே திரும்பிக்கொண்டது. முடிச்சூர் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், மாடியில் ஒற்றை அறை எனக்கு. கல்யாணம் அமையவில்லை. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. கேஸை மூடினேனா என்று மூன்று தரம் பார்ப்பவன் நான். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பவன். அப்படிப்பட்டவனுக்கு, பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் போகுமா? கேட்பாரில்லாமல் நிற்கும் வண்டியைப் பார்க்க நானாவது இருக்கிறேன். என்னைப் பார்க்க யார்?

கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்காவின் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது ஒரு பழைய லேப்டாப்பை விட்டுப் போயிருந்தான். திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு ஓடும். "இத தூக்கிப் போடறதுக்கு நீ வெச்சிக்கோ தம்பி" என்று அக்கா கொடுத்துவிட்டார். அதில்தான் வலைப்பூ ஆரம்பித்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்ன எழுதிவிடப் போகிறேன்? மதியம் வேலை முடிந்து வந்து நாலைந்து வரி. ஸ்டாண்டு ஓரம் மழைத்தண்ணீர் தேங்கியது, ஒருவர் ஹெல்மெட்டை மறந்து போனது, ரயில் லேட். அவ்வளவுதான்.

எழுதுவதைவிட அந்தப் பக்கத்தின் ஓரத்தை அலங்கரிப்பதில் எனக்கு ஆசை அதிகம். சைடுபார் என்கிறார்கள். உள்ளே ஒரு இடத்தில் விட்ஜெட்டுகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். தேடல், நாட்காட்டி, படம், எழுத்து என்று ஒவ்வொன்றின் மேலும் பெயர் இருக்கும். வேண்டியதை மவுஸால் பிடித்து இழுத்து ஓரத்தில் விட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். பிடிக்கவில்லையென்றால் மேலே தள்ளலாம், கீழே தள்ளலாம், தூக்கி எறியலாம். கம்ப்யூட்டர் பாஷை ஒரு எழுத்துகூடத் தெரிய வேண்டாம். கோட் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு பெட்டி உண்டு. மண்டை ஓடு வரைந்த கரண்டுப் பெட்டியைப் போல அதை நான் தொட்டதே இல்லை. மற்றதையெல்லாம் தொட்டேன். ஒற்றை அறையில் கட்டிலை எங்கே போட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அந்த ஓரத்தில் மட்டும் தினம் ஒரு வீடு மாற்றலாம்.

முதலில் கடிகாரம் வைத்தேன். அது ஏதோ தேசத்து நேரத்தைக் காட்டியது. சரி செய்வதற்குள், கெட்ட சகுனமோ என்று ஒரு வாரம் பயந்தேன். வானிலை வைத்தேன். முடிச்சூரில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது அது மீனம்பாக்கத்தைப் பார்த்துவிட்டு வெயில் என்று சொன்னது. வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும் பெட்டி ஒன்று வைத்தேன். எண்ணிக்கை ஏற ஏற மனசு குளிர்ந்தது. பிறகுதான் கவனித்தேன், நான் திறந்து பார்க்கும்போதெல்லாம் ஒன்று கூடுகிறது. என் வீட்டுக் கதவை நானே தட்டிவிட்டு நானே திறந்துகொண்டிருந்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டேன்.

நாட்காட்டி மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. எழுதிய நாளின் கீழே ஒரு கோடு விழும். எழுதாத நாள் வெறுமனே நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஸ்டாண்டில் வண்டிக்கு இருக்கும் விதியை எனக்கும் வைத்துக்கொண்டால் என்ன?

நாட்காட்டிக்குக் கீழே எழுத்துப் பெட்டி ஒன்றை இழுத்து விட்டு இப்படி அடித்தேன்: "நான் தனியாக இருப்பவன். தினமும் எழுதுவேன். இரண்டு நாள் எழுதாவிட்டால், தயவுசெய்து கீழ்க்கண்ட எண்ணில் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டு மாடியில் பார்க்கச் சொல்லவும்." அக்காவின் எண்ணைப் போடுவதற்கு முன் கேட்கத்தான் செய்தேன்.

"அக்கா, அவசரத்துக்குன்னு உங்க நம்பர ஒரு எடத்துல குடுக்கட்டுமா?"

"கேஸ் கம்பெனியா? குடு, குடு" என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டார். நானும் அதற்கு மேல் விளக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் காய்ச்சல் வந்தது. மூட்டுக்கு மூட்டு ஆணி அடித்த மாதிரி வலி. காண்ட்ராக்டருக்கு போன் பண்ணிச் சொன்னேன். "சரி, ரெஸ்ட் எடு" என்று வைத்துவிட்டார். லேப்டாப்பைத் திறக்கக் கை வரவில்லை. முதல் நாள் போனது, இரண்டாம் நாளும் போனது. மூன்றாம் நாள் படுத்தபடியே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டிருந்தேன். கீழே அக்காவின் போன் கோயில் மணி மாதிரி அடித்தது. அக்கா யாரிடமோ கத்துவதும், பிறகு டப்பென்று அமைதியானதும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மணி, மறுபடியும் கத்தல். படியில் மட்டும் யாரும் ஏறவில்லை. இப்போது உண்மையாகவே ஏதாவது ஆகியிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். அக்காவின் சீரியல் பாட்டு கேட்டிருக்கும். தெருவில் மீன்காரம்மா குரல் கேட்டிருக்கும். எல்லாம் அதது பாட்டுக்கு நடந்திருக்கும்.

உடம்பு தேறி வேலைக்குப் போன அன்று, கூட்டம் குறைந்த நேரத்தில், முதல் தடவையாக என் வலைப்பூவை போனில் திறந்தேன். அதுவரை லேப்டாப்பில் மட்டும்தான் பார்த்திருந்தேன். ஓரத்தைக் காணோம். கடிகாரம், நாட்காட்டி, நான் எழுதி வைத்த வேண்டுகோள், எதுவும் இல்லை. காய்ச்சல் மயக்கத்தில் எதையாவது அழுத்தித் தொலைத்தேனா? ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் ஓடினேன். கம்ப்யூட்டரில் எதுவென்றாலும் அவரைத்தான் கேட்பேன்.

போனை வாங்கிப் பார்த்தவர் சிரித்தார். "இன்னாண்ணா நீங்க. கையகல போன்ல சைடு எங்கண்ணா இருக்கும்? அதெல்லாம் அடிக்குப் போயிடும்."

கட்டை விரலால் தள்ளத் தொடங்கினார். மழை போனது, ஹெல்மெட் போனது, லேட்டான ரயில் போனது. கிணற்றில் இறங்குகிறவனுக்குச் சுவர் போவதுபோல, நான் எழுதியதெல்லாம் மேலே போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் முடிந்து, அதற்கும் அடியில், கடிகாரமும் நாட்காட்டியும் வந்தன.

"இதோ, பத்திரமா கீது. கீழ என்னமோ நம்பரு..." என்று படிக்க ஆரம்பித்தார். நான் அவசரமாக போனை வாங்கிக்கொண்டேன்.

"இப்ப எல்லாரும் போன்லதான் பாக்கறாங்களா?"

"பின்ன? லேப்டாப்ப வெச்சிகினு யாரு பாக்கறா? நீங்க சைடுல வெச்சத யாருமே பாத்திருக்க மாட்டாங்கண்ணா. இவ்ளோ கீழ யாரு வருவா?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து, நீட்டிய கைகளில் டோக்கனை வைத்துக்கொண்டே இருந்தேன். எத்தனை மாதம் அந்த ஓரத்தைத் துடைத்துத் துடைத்து அழகு பார்த்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத சந்துக்குள் போர்டு மாட்டியிருக்கிறேன்.

மதியம் வீட்டுக்குப் போனால், அக்கா கேட்டில் நின்றுகொண்டிருந்தார். முகம் சரியில்லை.

"தம்பி, கொஞ்சம் நில்லு. என் நம்பர எவளுக்குக் குடுத்த?"

"ஏன்க்கா?"

"ஒருத்தி விடாம போன் பண்றா. மாடியில இருக்கறவரு நல்லா இருக்காரான்னு கேக்கறா. நான் கேட்டேன், எந்த பேங்க்குமா நீயின்னு. இப்பல்லாம் அப்டித்தான ஆரம்பிக்கறாங்க, ஒடம்பு எப்டி கீதுன்னு கேட்டுட்டு அப்பறம் ஓடிபி கேப்பாங்க."

நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அவங்க வேற இன்னா சொன்னாங்கக்கா?"

"ரெண்டு நாளா நீ எழுதலியாம். நான் சொன்னேன், அவன் டெய்லி ஸ்டாண்டுல டோக்கன் எழுதிகினுதான் கீறான், போன வையின்னு. வெச்சிட்டு திரும்பப் பண்றா. ஒரே ஒருதரம் மாடி ஏறிப் பாத்துட்டு சொல்லுங்கம்மான்னு கெஞ்சறா. என் முட்டி கீற நெலமைக்கு நான் மாடி ஏறணுமாம். பேஜாரா பூட்ச்சு. பிளாக் பண்ணிட்டேன்."

"எனக்கு நெஜமாவே காய்ச்சல்தான்க்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாடி வளர்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்திருப்பார் போல. பிறகு, "கீழ எறங்கி வந்து சொல்றதுக்கு இன்னா?" என்றார். இறங்க முடிந்தால் எதற்குச் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். விஷயத்தை முழுக்க விளக்கினேன். அக்காவுக்கு வலைப்பூ புரியவில்லை. இரண்டு நாள் விதி மட்டும் புரிந்தது.

"உங்க நம்பர எடுத்துடறேன்க்கா."

"இருக்கட்டும். வெளிநாட்டுல என் புள்ளையும் இப்டித்தான் தனியா கீறான்." முந்தானையால் போன் திரையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஆனா ஒண்ணு, ஓடிபி கேக்க வரலன்னு மொதல்லயே சொல்லச் சொல்லு."

அக்காவின் போனில் அந்த எண்ணைத் தடையிலிருந்து விடுவித்தேன். எனக்கும் குறித்துக்கொண்டேன். கூப்பிட மட்டும் தைரியம் வரவில்லை. யாரென்று சொல்லிப் பேசுவது? வீட்டில் வேறு யாராவது எடுத்து, யாருய்யா நீ என்றால்? அன்றைய வரிகளில், "காய்ச்சல். இப்போது பரவாயில்லை. விசாரித்தவருக்கு நன்றி" என்று மட்டும் எழுதினேன். பதில் வரவில்லை. அதன் பிறகு அக்காவின் போனும் எனக்காக அடிக்கவில்லை. நான்தான் தினமும் எழுதுகிறேனே, எதற்கு அடிக்கப் போகிறது?

வேண்டுகோளை மேலே கொண்டுவர வழி இருக்கிறதென்று ஜெராக்ஸ் கடைப் பெண் சொன்னார். வேண்டாமென்று விட்டுவிட்டேன். அத்தனையும் படித்துக்கொண்டு அடிவரை வந்த ஒருவர் இருக்கிறார். டோக்கனுக்குக் கை நீட்டும் பெண்களை இப்போதெல்லாம் ஒரு நொடி கூடுதலாகப் பார்க்கிறேன். யாரும் அடையாளம் தருவதில்லை.

சில மதியங்களில் லேப்டாப்பைத் திறக்காமல் அதன் எதிரே உட்கார்ந்திருப்பேன். இன்றும் நாளையும் எழுதாமல் விட்டால் போதும். கீழே மணி அடிக்கும். இந்த முறை அக்கா கத்தமாட்டார், என்னைக் கூப்பிடுவார். அந்தக் குரலை ஒருதரம் கேட்டுவிடலாம். ஆனால் எடுக்கப்படாமல் நிற்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது?

திறந்து, எழுதுகிறேன். "இன்று மழை இல்லை. நேற்றைய வண்டிகள் எல்லாம் எடுக்கப்பட்டுவிட்டன."