கீழ்நாட்டு சார்ஜ்

எங்கள் மலையில் ஏற்றுகிற சார்ஜுக்கு வேகம் போதாது என்று நாலாம் வகுப்பு முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியது மட்டுமா, வகுப்பில் எழுந்து நின்று டீச்சருக்கே அதைப் பாடம் எடுத்தேன். டீச்சர் கீழ்நாட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர். வளைவுகளில் வந்த தலைசுற்றல் அவருக்கு மத்தியானம்வரை தீராது, அதனால் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசாததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வது என் சுபாவம். இன்றைக்கும் அப்படித்தான், வேண்டுமானால் என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கரண்டைப் பார்த்திருக்க வேண்டும். வாசலூர்பட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் எங்கள் வீடு. சாயங்காலமானால் பல்பு பூசணிப் பூ நிறத்தில் எரியும். மிக்ஸி சட்னியை அரைக்காது, முனகிக்கொண்டே பிசைந்து வைக்கும். அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் வராத குழாய் வாயைப் பார்த்துத் திட்டிக்கொண்டு நிற்பார். லோ வோல்டேஜ் என்ற சொல் எங்கள் வீட்டில் சாமி பெயரைவிட அதிகமாகப் புழங்கியது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற கரண்டுக்கு மூச்சு வாங்காதா என்று அத்தை கேட்டபோது எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. நாமக்கல்லில் கம்ப்யூட்டர் படித்து முடித்துவிட்டு வீட்டோடு இருந்தாள். படிப்பு முடிந்த பெண்ணுக்குக் கீழே என்ன வேலை என்று அவளை யாரும் மலையிறங்க விடவில்லை. ஹாஸ்டலில் யாரிடமோ வாங்கிய பழைய பாட்டு பிளேயர் ஒன்று அவளிடம் இருந்தது. கைக்குள் அடங்குகிற அளவு, நடுவில் விரலால் சுற்றுகிற வட்டம். அதில் பாட்டு மட்டும்தான் கேட்க முடியும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருந்தார்கள். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த அண்ணன் அப்படி நினைக்கவில்லை. அத்தை காலேஜுக்குப் போய்வந்த காலத்திலேயே அவர் அதன் உள்ளே இருந்த மென்பொருளைத் துடைத்தெறிந்துவிட்டு வேறொன்றைப் போட்டு, அதற்குள் எமுலேட்டர் என்று ஒன்றையும் வைத்துக் கொடுத்திருந்தார். எமுலேட்டர் என்றால் வேறொன்றுமில்லை, பாட்டுப் பெட்டிக்கு கேம் மிஷின் வேஷம் கட்டி விடுவது. பட்டணத்துப் பிள்ளைகள் கையில் வைத்து விளையாடுகிற கேம் மிஷினில் ஓடுகிற கேமெல்லாம் இதில் ஓடும்.

எனக்குக் கிடைத்தது ஒரு குண்டுப் பூனை. பள்ளம் பள்ளமாகத் தாண்டி ஓடி அது மீன் பிடிக்க வேண்டும். முதல் சில நாள் பூனை பறந்தது. அப்புறம் ஒரு காலையில் குதித்த பூனை குதித்தபடியே அந்தரத்தில் நின்றது. போய் மூஞ்சி கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "கீழ ஏத்துன சார்ஜு தீந்துபோச்சு கண்ணு. இப்ப இங்க ஏத்துன சார்ஜுல ஓடுது, அதான் நொண்டுது. கீழ கொண்டுபோயி ஒரு மணி நேரம் போட்டாச் சரியாயிரும். யாரு கூட்டிட்டுப் போறது?"

யாரு கூட்டிட்டுப் போறது என்பதை அவள் சொன்ன விதம் இருக்கிறதே, பெத்த தாய் கெட்டாள். நான் வீட்டு முன்னால் களத்தில் விழுந்து புரண்டேன். ராகிக் களியைத் தொடமாட்டேன் என்றேன். சாயங்காலம்வரை இழுத்து இழுத்து அழுதேன். அந்தக் கலையில் எனக்கு அப்போதே நல்ல தேர்ச்சி. கடைசியில் அப்பாதான் பொறுக்க முடியாமல் சொன்னார்: "அந்தக் கெரகத்தக் கூட்டிட்டுப் போயிட்டு வா அம்மிணி. காதே அடைச்சுப்போச்சு."

கடையில் அண்ணன் பிளேயரை வாங்கி சார்ஜில் போடுவார். எனக்கு எதிர் பேக்கரியில் கிரீம் பன். ஒரு மணி நேரமும் அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து அவரிடம் கம்ப்யூட்டர் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். கம்ப்யூட்டரில் சிரிப்பதற்கு அவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கிளம்பும்போது பூனை மறுபடி பறக்கும். பஸ்ஸில் அதைப் பார்த்தால் வாந்தி வரும் என்று அத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். ஏறுகிற வழியிலேயே சார்ஜின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திவிடுமாம். சில தடவை நாலைந்து நாள் தாங்கும். சில தடவை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பூனை நொண்டும். நான் மறுபடி களத்தில் விழுவேன், அத்தை மறுபடி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு துப்பட்டாவை எடுப்பாள். என்னால் அவளுக்கு எவ்வளவு தொந்தரவு என்று நானே பரிதாபப்பட்டிருக்கிறேன்.

வீட்டில் ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. மிக்ஸிக்கு உள்ளது பூனைக்கும் இருக்கும்தானே.

இந்தச் சமயத்தில்தான் அத்தையை என் மாமாவுக்குக் கொடுப்பது என்று பேச்சு வந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் மலையிலேயே அரியூர் நாட்டில் மிளகுத் தோட்டம், சொந்தமாக பைக், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. தை பிறந்ததும் தாம்பூலம் மாற்றிவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அத்தை சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாமாவை ஒன்றுமே கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் அத்தை சர்க்கரை போட மறந்து கொடுத்த காபியை மடக்மடக்கென்று குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். அவ்வளவு கசப்பை எப்படிக் குடித்தாரோ என்று நான் அவரை மெச்சினேன்.

மார்கழி விடுமுறையில் மாமா வந்திருந்த ஒரு நாள், நான் வழக்கம்போலக் களத்தில் கிடந்தேன். மாமா விவரம் கேட்டார். சார்ஜ் சங்கதியை விலாவாரியாகச் சொன்னேன். அவர் எழுந்து பைக் சாவியை எடுத்தார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அத்தைதான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "நீங்க எதுக்குங்க சிரமப்பட்டுட்டு, நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறனுங்க."

"இதுல என்னங்க சிரமம்," என்றார் மாமா. அத்தை அவரிடம் இத்தனை நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்பதால் அவர் காதெல்லாம் சிவந்திருந்தது. நான் அதற்குள் பெட்ரோல் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

காளப்பநாயக்கன்பட்டி போய்ச் சேர்ந்தால் அங்கே கரண்டே இல்லை. அந்த வருசம் கீழ்நாட்டிலும் மணிக்கணக்கில் மின்வெட்டு. திரும்பிடலாமா கண்ணு என்றார் மாமா. நான் விடுவேனா. "அந்தக் கடைக்குப் போலாங்க மாமா. அத்தையும் நானும் எப்பவும் அங்கதான் போவோம்."

கடைக்கார அண்ணன் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர எழுந்து, என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அத்தை வரலியா கண்ணு?" என்று கேட்டார். அத்தை வர வேண்டிய இடத்தில் மாமா நின்றிருந்தார்.

எனக்கு மரியாதை தெரியும். "இவருதான் எங்க மாமா. அத்தையக் கட்டிக்கப் போறவரு," என்று அறிமுகப்படுத்தி வைத்தேன்.

அண்ணன் கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது. மாமா பிளேயரை நீட்டினார். "இதுக்கு உங்க கடைக் கரண்டுதான் ஆகுமாமுங்க. கரண்டு எப்ப வருமுங்க?" என்றார் வெள்ளந்தியாக. அண்ணன் என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே அதை வாங்கி, பழகிய கையால் அங்கே ஒரு அழுத்து இங்கே ஒரு அழுத்து அழுத்தி என்னிடம் கொடுத்துவிட்டார். பூனை பறந்தது. நான் கடை வாசலிலேயே குதித்தேன்.

மாமா பூனையைப் பார்த்தார். தலைக்கு மேல் சுற்றாமல் நின்ற ஃபேனைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"கரண்டே இல்லீங்களே," என்றார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாமாவும் அவரைத் திட்டவில்லை. "எந்த ஊருங்க நீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"மலைதானுங்க. செம்மேட்டுப் பக்கம். அப்பா காலத்துல கீழ எறங்கிட்டோமுங்க."

"சரிங்க, வாரனுங்க," என்று சொல்லிவிட்டு மாமா பைக்கைத் திருப்பினார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வாரமே மாமா அம்மாவிடம், எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாங்க்கா என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டால் வாயே திறக்கவில்லை. அம்மா கூரை பறக்கக் கத்தினாள், ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று அழுதாள். நான்தான் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அத்தை கை பட்டால் பூனை நொண்டுகிறது, மாமா கை பட்டால் கரண்ட் இல்லாமலேயே பறக்கிறது, இப்படி இருந்தால் ரெண்டு பேர் ராசி எப்படி ஒத்துப்போகும் என்றேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். மறுநாளிலிருந்து சொந்தக்காரர்களிடம் ராசி ஒத்து வரலீங்க என்றுதான் சொன்னாள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் போயிற்று. மலைக்காரப் பையன்தானே என்று வீட்டிலும் ஒத்துக்கொள்ள, அடுத்த வருசம் அத்தைக்கும் கடைக்கார அண்ணனுக்கும் கல்யாணம். பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறியது மாமாதான்.

சார்ஜின் ரகசியத்தை அத்தை சொன்னது நான் காலேஜ் போன பிறகு. அந்த எமுலேட்டருக்குள் கேமின் சத்தத்தை ஆன் செய்ய ஒரு இடம் இருக்கிறது. ஆன் செய்தால் அந்தச் சின்னப் பிளேயருக்குத் தாங்காது, எல்லாமே நொண்டும். ஆஃப் செய்தால் பறக்கும். இயர்போன் அத்தை கைவசம் இருந்ததால் பூனைக்குச் சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது. கீழே போகத் தோன்றும்போதெல்லாம் ஆன் செய்து வைத்திருக்கிறாள், பாவி. என் கண்ணீரை வைத்துக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். இதைச் சொல்லி இன்றைக்கும் அவளிடம் சண்டை போடுகிறேன். அதெல்லாம் போகட்டும். எனக்கு மறக்காமல் இருப்பது அன்றைக்கு மாமாவும் நானும் மலையேறி வந்த வழிதான்.

முதல் சில வளைவுகளை மாமா நிற்காமல் ஏறினார். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி, "இப்பப் பாரு கண்ணு. கொறஞ்சிருச்சா?" என்று கேட்டார். பார்த்தேன். இல்லீங்க மாமா என்றேன். வண்டியைக் கிளப்பினார். இன்னும் கொஞ்சம் ஏறி, மறுபடி நிறுத்தினார். அப்போதும் பூனை பறந்தது. "அத்தை கூட வரப்ப எந்த வளைவுல கொறையும்?" என்று கேட்டார். பிளேயர் அத்தையின் பைக்குள் இருக்கும், பார்த்ததில்லை என்றேன். ம் என்றார்.

அப்படியே நின்று நின்றுதான் ஏறினோம். ஒரு வளைவில் பனிமூட்டம் இறங்கி ரோடே தெரியவில்லை. மாமா வண்டியை அணைத்துவிட்டு ரோட்டோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார். "இங்க நல்ல குளுரு. இங்க கொறையும் பாரு. கொஞ்ச நேரம் இருந்தே பாப்போம்," என்றார். நான் விளையாடிக்கொண்டே இருந்தேன். அவர் பக்கத்தில் குனிந்து பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மீன்மேல் மீனாகப் பிடித்துத் தள்ளியது. பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது, அப்புறம் ஒரு வாழைத்தார் லாரி போனது. கொறஞ்சிருச்சா, கொறஞ்சிருச்சா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த மனுசருக்கு என் கேம்மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்கு ஒரே பெருமை.

வளைவுகள் முடிகிற சோளக்காடு என்ற ஊருக்கு ஏறி வந்ததும் கடைசியாக ஒரு தடவை நிறுத்தினார். "இன்னும் வேகமாத்தான் ஓடுதா?"

"ஆமாங்க மாமா. உங்க கை ராசி," என்றேன்.

மாமா என் தலையைத் தடவிக் கொடுத்தார். கடையில் அன்னாசிப் பழம் நறுக்கச் சொல்லி, மிளகாய்ப்பொடி போட்டு வாங்கித் தந்தார், தனக்கு வேண்டாம் என்றார். வீடு வரைக்கும் பாடிக்கொண்டே வந்தேன். என்னைப் போலவே மாமாவுக்கும் அன்றைக்கு ஒரே சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.