பார்வைக்கு நிறுத்திய கரும்பு

பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டில் பிறந்தவள் நான். ஐயம்பேட்டைக்குப் பக்கத்தில் கரும்பு போடுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டேன். கரும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, ஆலையின் கரும்பு ஆபீசர் ஊர்க்கூட்டத்தில் புது முறையைச் சொன்னபோது, என் கணவர் பாதியில் எழுந்து போன பிறகும் நான் கடைசிவரை உட்கார்ந்து கேட்டேன்.

விதைக்கு முழுக் கரும்புத் துண்டை, கரணையை, புதைக்க வேண்டாம். கணுவில் முளைக்கும் பருவை மட்டும் செதுக்கி, தென்னைநார்க் கழிவு நிரப்பிய தட்டில் நாற்றாக வளர்த்து, அகல இடைவெளி விட்டு நட வேண்டும். தண்ணீர் சொட்டுக் குழாயில்.

"தட்டுல வச்சு வளக்கிறதுக்கு இது இன்னா ரோஜாச் செடியா?" என்றார் கணவர்.

"ஒரு தடவை போட்டுப் பாக்கலாங்க. பிடிக்கலன்னா அடுத்த போகம் உங்க இஷ்டம்."

வீட்டுக்குப் பின்னால் நிழல்வலை கட்டி நாற்று வளர்த்தேன். நட்டு மூன்று மாதத்தில், ஒரே நாற்றிலிருந்து கொத்துக் கொத்தாகத் தூர் கட்டியது. கிண்டல் செய்தவர்களெல்லாம் வரப்பில் வந்து நின்று பார்த்தார்கள். காய்ந்த சோகை இலைகளை உரிக்கும்போது என் கணவர் ஒரு கழியைக் கையால் வளைத்துப் பிடித்துச் சுற்றளவு பார்த்துவிட்டு, "நீ சொன்னது சரிதாம்மா" என்றார். அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

ஆபீசருக்குப் பெருமை தாங்கவில்லை. சாலையோரம் 'முன்மாதிரி வயல்' என்று போர்டு நட்டார். வேனில் விவசாயிகளை அழைத்து வந்து காட்டினார். அரவை தொடங்கினால் முதல் வெட்டு உத்தரவு எங்களுக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அரவை தொடங்கியது. பக்கத்து வயல் வெட்டினார்கள், அதற்கடுத்த வயலும் வெட்டினார்கள். எங்களுக்கு மட்டும் உத்தரவு வரவில்லை; அது இல்லாமல் வெட்டினால் ஆலையில் எடுக்க மாட்டார்கள். கரும்பு முற்றிப் பூ எடுக்க ஆரம்பித்தது. ஆலை ஆபீசுக்கு நானே போனேன்.

"பெரிய அதிகாரி ஒருத்தர் பாக்க வராரும்மா. வெட்டிட்டா நான் எதைக் காட்றது? கொஞ்சம் நிக்கட்டும்."

"பூ வுட்டுடுச்சு சார். உள்ள சக்கையாப் போய்க்கினு இருக்குது."

"எனக்குத் தெரியாதா? வர வாரம் வந்துடுவாரு. ஆங், உங்க அம்மா வீட்ல பட்டு நெய்றாங்க இல்ல? அவருக்குப் போர்த்த நல்லதா ஒரு அங்கவஸ்திரம் எடுத்தாந்துடு."

அந்த வாரம் அதிகாரி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. காற்றடித்து ஒரு பக்கம் கரும்பு சாய்ந்தது. கடைசியில் ஒருநாள் காலை மூன்று கார்கள் வந்தன. என் அண்ணன் நெய்து கொடுத்த அங்கவஸ்திரத்தை ஆபீசர் தன் கையால் அதிகாரிக்குப் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். சாய்ந்த பக்கம் படத்தில் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

அதிகாரி ஒரு துண்டு கேட்டார். கணவர் வெட்டிக் கொடுத்தார். நடுவில் சாறில்லாத நெட்டி வெள்ளையாகத் தெரிந்தது. அதிகாரி கடித்து, மென்று, துப்பினார்.

"இனிப்பே இல்லையே?"

"இனிப்பாத்தான் சார் இருந்துச்சு. நீங்க வர்ற வரைக்கும் வெட்டக்கூடாதுன்னு நிக்க வச்சுட்டாங்க" என்றேன்.

அதிகாரி ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் சிரித்துக்கொண்டே, "அந்தம்மா தமாஷா பேசுவாங்க சார்" என்று சொல்லி அவரைக் கார்ப்பக்கம் திருப்பினார். என் கணவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

மறுநாளே உத்தரவு வந்தது. ஆனால் வெட்டு ஆட்கள் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் சாய்ந்ததைத் தொட மாட்டோம் என்றார்கள். அந்தப் பக்கத்தை நாங்கள் இரண்டு பேருமே வெட்டினோம். தூக்கும்போதே தெரிந்தது, கட்டு கனக்கவில்லை.

வெட்டிய அடிக்கட்டையை அப்படியே கட்டைக்கரும்பாக விட்டிருந்தால் மறுபடி துளிர்த்திருக்கும். என் கணவர் விடவில்லை. டிராக்டர் வரவழைத்து அடிக்கட்டை முழுவதையும் புரட்டிப் போட்டார். சொட்டுக் குழாயை நான் சுருட்டும்போது அவர் உதவிக்குக்கூட வரவில்லை. "உன்ன ஒண்ணும் சொல்லலம்மா" என்றார். அதற்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை.

இப்போது நிலத்தில் சவுக்கு நிற்கிறது. அவர் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறார். அங்கே என்ன வேலை என்று கேட்டால், "நிக்கிற வேலை" என்பார்.

போன மாதம் ஆபீசர் போன் செய்தார். புது முறையைப் பற்றிப் பெண்கள் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். "உன்ன மாதிரி யாரும்மா நாத்து வளத்தாங்க?" என்றார். அது உண்மைதான். நாற்றில் ஒரு குறையும் இல்லை, முறையிலும் இல்லை. அதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

"வரமாட்டேன் சார்" என்று சொல்லி போனை வைத்தேன்.