என் வாய்க்குப் பதில் பேசியவர்

அஜ்மானில் ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும் அரபிப் பெண்களிடம் காய்ச்சலா, வாந்தியா, எத்தனை நாளாக என்று கேட்டுக் கேட்டே அந்த மொழி பழகிவிட்டது. எழுதத் தெரியாது, பேசுவேன். வலி, அடி, வீக்கம் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

போன வருடம் கணவர் இரண்டாவது முறை என்னை அடித்தபோது, ஏழு வயது மகளோடு தோழியின் ஃபிளாட்டுக்குப் போய்விட்டேன். மகளின் பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. கேட்டதற்கு, "வீட்டுக்கு வா, தர்றேன்" என்றார். வழக்குப் போடப் போனேன். அதற்கு முன் இருவரையும் உட்கார வைத்துப் பேசும் சமரசப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாகப் பிள்ளையை அலைக்கழிக்க எனக்கும் மனமில்லை, சம்மதித்தேன்.

சமரச அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க அரபிப் பெண்மணி. எதிரே கணவர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், நம் தமிழர்தான். உட்காரும் முன்பே, "தங்கச்சி, கோபத்துல எதையும் கொட்டிடாதீங்க" என்றார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார். சட்ட விஷயத்தில் வார்த்தை பிசகிவிடக் கூடாதே என்று தமிழிலேயே சொன்னேன்.

"ரெண்டு தடவை அடிச்சாரு. ரெண்டாவது தடவை கதவுல மோதி தோள் வீங்கிப்போச்சு. பிள்ளை பாத்துக்கிட்டே நின்னா."

மொழிபெயர்ப்பாளர் அரபியில் சொன்னார்: கணவன் மனைவிக்குள் சின்ன வாக்குவாதம், இவள் கொஞ்சம் கோபக்காரி, பிள்ளைக்காகத் திரும்பிப் போக விரும்புகிறாள்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடித்தவர் மீது வந்ததைவிட அதிகக் கோபம் இந்த மனிதர் மீது வந்தது. என் தோள் வலியை அழித்துவிட்டு அந்த இடத்தில் தன் புத்திமதியை எழுத இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

"லா!" இல்லை என்று எழுந்துவிட்டேன். "தரபனி. மர்ரத்தைன்." அடித்தார், இரண்டு முறை. தோளையும் பிள்ளையையும் பற்றி எனக்குத் தெரிந்த அரபியிலேயே சொல்லி முடித்தேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பி, "குடும்பம் பிரிஞ்சிடக் கூடாதேன்னு நல்ல எண்ணத்துலதான்மா..." என்று இழுத்தார்.

"நான் சொன்னதைச் சொல்லத்தான் உங்களை உக்கார வச்சிருக்காங்க. என் குடும்பத்துக்குத் தீர்ப்பு சொல்ல இல்ல."

"கலாஸ்", போதும் என்று அதிகாரி மொழிபெயர்ப்பாளரை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு வாரம் தள்ளித் தேதி கொடுத்தார். வெளியே வந்ததும் கணவர் கேட்டார்: "உனக்கு இவ்வளவு அரபி தெரியுமா?" இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்காத கேள்வி.

அடுத்த முறை ஒரு பெண் மொழிபெயர்த்தார். சொல்லுக்குச் சொல். கணவர், "அடிக்கல, தள்ளினேன், அவ்வளவுதான்" என்றார். அதுவும் அப்படியே அரபிக்குப் போனது. "தள்ளியதை ஒத்துக்கொள்கிறீர்கள், இல்லையா?" என்று அதிகாரி கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மகள் என்னிடம், பாஸ்போர்ட்டும் என்னிடம். வெள்ளிக்கிழமை அவர் வந்து பார்க்கலாம். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட்டேன்.

வெளியே நடைவழியில் வீட்டு வேலை செய்யும் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி காத்திருந்தாள். வந்து இரண்டு மாதமாம். "அரபியில யல்லா, அதான் சீக்கிரம் வாங்கறது, அது தவிர ஒண்ணும் தெரியாதுக்கா" என்றாள். அவள் முறை வந்தது. ஃபைலோடு அவளை உள்ளே கூட்டிப் போனவர் அதே மொழிபெயர்ப்பாளர்.

நேரே கவுண்டருக்குப் போய், அவர் சொன்னதை மாற்றிச் சொல்கிறவர் என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எதிரே இருந்த டைப்பிங் கடையில் அரபியில் புகார் அடித்து வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் போய்விட்டிருந்தாள். அவள் என்ன சொன்னாள், அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. புகாருக்கு இன்றுவரை பதில் இல்லை. இரண்டு முறை நேரில் போய்க் கேட்டுவிட்டேன். மூன்றாவது முறையும் போவேன்.