துரையின் வண்டியில் புளியும் சாம்பலும்

குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவில் பித்தளைச் சாமான்களைத் துலக்குவது என் வேலை. என் கை பட்ட குத்துவிளக்கில் முகம் பார்க்கலாம். அந்தக் கர்வம்தான் என்னைக் கெடுத்தது.

மசினகுடிக் காட்டில் தங்குவதற்காக, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றை எஸ்டேட் துரை வாங்கினார். வெளிப்புறம் முழுக்க அலுமினியத் தகடு. மெழுகு டப்பாவும் மெத்தென்ற துணியும் தந்து, கழுவித் துடைத்து மெழுகு பூசச் சொன்னார். மெழுகில் என்ன பளபளப்பு வரும் என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். புளியையும் அடுப்புச் சாம்பலையும் குழைத்து, தேங்காய் நாரால் ஒரு பக்கம் முழுவதும் அழுத்தித் தேய்த்தேன். கழுவிப் பார்த்தால், தகடெல்லாம் கீறல் விழுந்து, அடிப்பிடித்த சட்டிபோல் கறுத்திருந்தது.

“யார் செய்தது?” என்று துரை கத்தினார்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “தோட்டக்கார அந்தோணிதானுங்க தேச்சான்” என்றேன்.

அந்தோணி சொன்ன எதையும் துரை கேட்கவில்லை. அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மூட்டையோடு வெளியேறும்போது அந்தோணி என்னருகே நின்றார்.

“ஏனுங்க, கையக் கழுவிக்கோங்க. இன்னும் சாம்பல் ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க.”

துரையிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஆள் அனுப்பி அந்தோணியைத் தேடினார்கள். நெல்லியாளம் பக்கம் போனதாகக் கேள்வி, ஆள் கிடைக்கவில்லை.

இப்போதெல்லாம் எந்தத் தகட்டையும் கண்ணில் படாத மூலையில் விரலளவு தேய்த்துப் பார்த்த பிறகே தொடுகிறேன். யார் செய்தது என்று எவர் கேட்டாலும், முதலில் என் கைகளை முன்னால் நீட்டிவிடுகிறேன்.